விடியற்காலை மார்க்கு

போன வாரம் ஸ்ரீமதியை வாஷிங் மெஷினுக்கு முன்னால் நிற்க வைத்துவிட்டு வந்துவிட்டோம். ஒரு கையில் கணவரின் நீலச் சட்டை, மறு கையில் அந்தச் சட்டைப் பையிலிருந்து எடுத்த சாக்லேட் காகிதங்கள். பாவம், ஒரு வாரமாக அப்படியே நிற்கிறாளோ என்று யாரும் கவலைப்பட வேண்டாம். துணியை அன்றைக்கே அலசிக் காயப்போட்டுவிட்டாள். காகிதங்களைத்தான் குப்பையில் போடவில்லை. நகத்தால் நீவி, மடித்து, பர்ஸின் ஜிப் அறைக்குள் பத்திரப்படுத்தியிருக்கிறாள்.

இன்று அந்தக் காகிதங்கள் சிதம்பரத்திலிருந்து கடலூருக்குப் போகின்றன. டாக்டரம்மா மேஜை மேல் அவற்றைப் பரப்பி வைத்து, "நான் சமைச்சுப் போட்டது தப்பா, இவரு திருடித் தின்னது தப்பா, நீங்களே சொல்லுங்க" என்று கேட்பதாக முடிவு கட்டியிருந்தாள்.

கேட்காமல் என்ன செய்வாள்? தேவநாதனுக்கு வலது கண்ணில் புரை முற்றிவிட்டது. மனிதர் கணக்கு வாத்தியார். போர்டில் தானே எழுதிய மூன்றும் எட்டும் தனக்கே ஒன்றுபோலத் தெரிகிறது என்று சொன்னார். சொன்ன மறுவாரம் கீழ வீதியில் எதிரே வந்த சைக்கிள் தெரியாமல் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார். ஆபரேஷனுக்கு இரண்டு தடவை நாள் குறித்து, இரண்டு தடவையும் சுகர் ஜாஸ்தி என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இடது கண்ணும் மங்க ஆரம்பித்திருக்கிறது. இன்றைக்கும் முடியாது என்று சொல்லிவிட்டால் இவர் எப்படி வகுப்பெடுப்பார், எப்படி ரோட்டைத் தாண்டுவார்?

இதை நினைத்து நினைத்தே ஸ்ரீமதிக்குத் தூக்கம் போய் மாதக்கணக்காகிறது. ராத்திரியில் எழுந்து எழுந்து பாத்ரூம் போவாள். சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடிப்பாள். பிறகு ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள்.

பத்தியத்தில் அவள் ஒரு குறையும் வைக்கவில்லை. பொன்னி அரிசி போய்ச் சாமை வந்தது. காலையில் வெந்தயம், ராத்திரி இரண்டே சப்பாத்தி, தொட்டுக்கொள்ளக் கீரை. வீட்டில் சர்க்கரை டப்பாவே கிடையாது. அப்படித்தான் தேவநாதன் நினைத்துக்கொண்டிருக்கிறார். டப்பா அரிசி டின்னுக்குப் பின்னால் இருக்கிறது. அவர் பள்ளிக்கூடம் கிளம்பியதும் ஸ்ரீமதி அதை எடுத்து, தாராளமாக இரண்டு கரண்டி போட்டு ஒரு டீ குடிப்பாள். மனசு கேட்காவிட்டால் இன்னொன்று. டீக்கு வர்க்கி பிஸ்கட். சாப்பிட வாய் வராத நாளில் மதியத்துக்கும் அதுதான். அவளுக்கென்ன, அவளுக்குத்தான் சுகர் இல்லையே!

அந்த வீட்டில் பொழுது விடிவதே சுகர் மெஷினின் 'பீப்' சத்தத்தில்தான். மகள் காயத்ரி கடலூரில் கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து வாங்கி அனுப்பிய மெஷின். தினமும் காலையில் காபிக்கு முன்னால் வீடியோ கால். போன் திரையில் ஒரு கட்டத்தில் காயத்ரி. இன்னொரு கட்டத்தில் புவனகிரியிலிருந்து தேவநாதனின் அக்கா தைலம்மாள். ஸ்ரீமதி அவர் விரலில் ஊசி குத்தி, சொட்டு வைத்து, எண் வந்ததும் எல்லோருக்கும் கேட்கும்படி வாசிப்பாள். பாசத்தில் ஆரம்பித்ததுதான், யாரையும் குறை சொல்வதற்கில்லை.

இன்று காலையும் வாசித்தாள்.

"இருநூத்தி இருபத்தெட்டு."

"இன்னாடா தேவா, நேத்தைக்கு இது ஜாஸ்தியாச்சே?" என்றாள் தைலம்மாள்.

"அப்பா, நைட் என்ன சாப்பிட்டீங்க?" என்றாள் காயத்ரி.

"ரெண்டு சப்பாத்தி, கீரை."

"கீரைல தேங்கா போட்டியா ஸ்ரீமதி?"

"போடல அண்ணி."

"போடாம எப்படி ஏறும்? அவன் என்ன காத்தையா தின்றான்?"

தேவநாதன் விரலைப் பஞ்சால் துடைத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் கொல்லைப்பக்கம் போய்விட்டார். இந்த மனிதர் முன்பெல்லாம் காலையில் பேப்பரை உரக்கப் படித்து, ஒவ்வொரு செய்திக்கும் ஒரு கிண்டல் அடித்து அவளைச் சிரிக்க வைத்தவர். இப்போது பேப்பரும் படிப்பதில்லை, பேச்சும் இல்லை. தின்கிறவருக்குக் குற்ற உணர்ச்சி, அதான் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார் என்று ஸ்ரீமதி நினைத்தாள். பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் போய் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும். அதனால் அவர் காபி கூடக் குடிக்கவில்லை. "மாத்திரையும் இப்ப வேணாங்க, ரத்தம் குடுத்துட்டு அங்கயே போட்டுக்கலாம்" என்று ஸ்ரீமதி இரண்டு முறை சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். அவர் குளிக்கப் போன நேரத்தில் அவள் அவசரமாக ஒரு டீயை மட்டும் நின்றுகொண்டே குடித்து முடித்தாள்.

கடலூர் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. வெள்ளாற்றுப் பாலம் வருவதற்குள் ஸ்ரீமதி கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலைப் பாதி காலி செய்துவிட்டாள். தேவநாதன் அவளையே பார்த்தார்.

"இன்னும் அந்தக் கை ஆறலயா?" என்று கேட்டார். வாழைக்காய் நறுக்கும்போது வெட்டிய விரலில் பிளாஸ்டர் அழுக்கேறிக் கிடந்தது.

"தண்ணியிலயே கெடக்கற கை, எங்க ஆறும்?" என்றாள் வெடுக்கென்று.

பரங்கிப்பேட்டைக்குப் பிரியும் ரோட்டில் ஸ்கூல் பிள்ளைகள் ஏறினார்கள். அவரைத் தெரிந்த ஒரு பெண் "வணக்கம் சார்" என்றாள். குரலை வைத்து யாரென்று கண்டுபிடித்து அவர் பேர் சொல்லி விசாரித்தார். பிள்ளைகளிடம் அவருக்கு இருக்கிற தயவு ஸ்ரீமதிக்குத் தெரியாததா? ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு ட்யூஷன் வருகிற பிள்ளைகளுக்குப் பரீட்சைப் பேப்பர் கொடுப்பதைப் பார்த்திருக்கிறாள். மார்க்கை வாயால் சொல்லவே மாட்டார். பேப்பரை நாலாக மடித்து அவரவர் உள்ளங்கையில் வைப்பார். நல்ல மார்க் என்றால் வைத்துவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விடுவார். குறைந்துபோன பிள்ளை என்றால் மட்டும் அந்தக் கையை மூடி, கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நிற்பார். "ஊருக்கெல்லாம் இரக்கம், உடம்புக்கு மட்டும் துரோகம்" என்று ஸ்ரீமதி மனசுக்குள் கடுகடுத்தாள்.

புதுச்சத்திரம் தாண்டியபோது தேவநாதனின் கை மெல்லச் சட்டைப் பைக்குள் போனது. வெளியே வந்தபோது அதில் ஒரு சாக்லேட் இருந்தது.

ஒரு வாரமாகக் கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்தவள் விடுவாளா? லபக்கென்று பிடுங்கினாள்.

"பஸ்ஸுல கூடவாங்க? நான் பக்கத்துல உக்காந்திருக்கும்போதேவா?"

"ஸ்ரீமதி, அது..."

"பேசாதீங்க. டாக்டர்கிட்ட பேசிக்கலாம்."

சாக்லேட்டைப் பர்ஸில் போட்டு ஜிப்பை இழுத்து மூடிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆத்திரத்தில் கண்ணில் நீர் முட்டியது. எத்தனை நாள் அண்ணியிடம் பேச்சு வாங்கியிருக்கிறாள். தேங்காய் போட்டியா, எண்ணெய் ஊற்றினாயா, கிழங்கு போட்டாயா என்று எத்தனை கேள்வி.

கொஞ்ச நேரத்தில் அவர் தலை அவள் தோளில் சாய்ந்தது. தாஜா செய்கிறார் என்று நினைத்து அவள் திரும்பவில்லை. பிறகுதான் தோளில் ஈரம் தெரிந்தது. ரவிக்கை நனைகிற அளவுக்கு ஈரம்.

திரும்பிப் பார்த்தாள். அவர் முகம் வெளுத்து, நெற்றியிலிருந்து வியர்வை ஒழுகிக்கொண்டிருந்தது. மடியில் கிடந்த கை தானாக நடுங்கியது.

"படபடன்னு வருது ஸ்ரீ" என்றார். நாக்கு குழறியது. "அத குடு."

சுகர் ஏறினால் என்ன ஆகும் என்று ஆறு மாதமாகக் கவலைப்பட்டவளுக்கு, அது இறங்கவும் செய்யும் என்பது அந்த நிமிஷம்தான் உறைத்தது. வேர்த்தால், நடுங்கினால் உடனே இனிப்பு கொடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தாள். ஸ்ரீமதி பர்ஸைத் திறந்தாள். ஜிப் மாட்டிக்கொண்டது. இழுத்த இழுப்பில் முதலில் வந்தவை அந்த வெறும் காகிதங்கள்தான். நீவி மடித்து வைத்த அத்தனையும் பஸ் தரையில் சிதறின. கடைசியாகத்தான் சாக்லேட் கைக்கு வந்தது. பல்லால் கிழித்து அவர் வாயில் போட்டாள்.

"கடிங்க. மென்னு முழுங்குங்க. ஏங்க, என்னப் பாருங்க."

முன் சீட்டில் இருந்த கல்லூரிப் பெண் திரும்பிப் பார்த்து, கேட்காமலே தன் பையிலிருந்து மாம்பழ ஜூஸ் பாக்கெட்டை எடுத்து ஸ்ட்ராவைக் குத்திக் கொடுத்தாள். ஆறு மாதமாக மாம்பழத்தை வீட்டுக்குள் விடாதவள், தன் கையாலேயே அதைக் கடைசிச் சொட்டு வரை அவருக்குக் குடிக்கக் கொடுத்தாள்.

ஆலப்பாக்கம் வரும்போது நடுக்கம் நின்றிருந்தது. முகத்தில் ரத்தம் திரும்பியது. ஸ்ரீமதி முந்தானையால் அவர் கழுத்தைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"மாத்திரை போட்டீங்களா?"

"ம்."

"வேணாம்னு சொன்னேனே."

"ராத்திரி ஒண்ணு ஜாஸ்தியா போட்டேன். காலைலயும் ஒண்ணு. இன்னைக்கு நம்பர் கொறஞ்சாத்தான டேட் குடுப்பாங்க."

"ராத்திரி சாப்பிட்டீங்க இல்ல? தட்டு காலியா இருந்திச்சே?"

அவர் காலியான ஜூஸ் பாக்கெட்டைத் தட்டையாக மடித்தார். "கொல்லைல செவலை நாய் ஒண்ணு வருது பாரு" என்றார்.

ஓகோ! இரண்டு மாதமாக அந்த நாய் நம் கொல்லைப்படலை விட்டு நகராமல் உருண்டு திரண்டு வருகிறதே என்று ஸ்ரீமதி ஆச்சரியப்பட்டிருக்கிறாள். அவள் கைச் சப்பாத்தியில் வளர்ந்த உடம்பா அது! வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள்.

"ராத்திரி பட்டினி கெடந்தா காலைல நல்லா வரும்னு பாத்தேன். எங்க, ஏறிகிட்டேதான் போவுது. ஸ்கூல்ல மூணாவது பீரியட் வந்தா கண்ண இருட்டும். பசங்க பொறந்தநாளுக்கு சாக்லேட் குடுக்கறாங்க இல்ல, வேணாம்னா மூஞ்சி வாடிடும்னு வாங்கிப் பைல போட்டுப்பேன். அப்ப ஒண்ணு எடுத்து வாயில போட்டுக்குவேன். வேற எதுவும் நான் திருடித் தின்னல ஸ்ரீ."

"எதுக்குங்க இப்படி? யாருக்குப் பயந்துகிட்டு?"

"பயமில்ல." அவர் குரல் இறங்கிப்போயிருந்தது. "காலைல நம்பர வாசிக்கும்போது உன் குரல் உள்ள போயிடுது. ஏறினா அக்கா என்னைய ஒண்ணும் சொல்றதில்ல, உன்னத்தான் கேக்கறாங்க. கீரைல தேங்கா போட்டியான்னு. இறங்கிட்டா உன்ன யாரும் கேக்க மாட்டாங்கன்னு பாத்தேன்."

கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள். தினம் விடியற்காலையில் மிதித்தால் குஞ்சு என்ன ஆகும் என்று யாராவது சொன்னார்களா? ஸ்ரீமதி தரையில் குனிந்து காகிதங்களைப் பொறுக்கினாள். இப்போது அவை அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் யார் காலிலும் மிதிபட வேண்டாம் என்று தோன்றியது.

மஞ்சக்குப்பத்தில் ஆஸ்பத்திரி வாசலில் காயத்ரி ஸ்கூட்டியோடு காத்திருந்தாள். பஸ்ஸில் நடந்ததைக் கேட்டதும், "நான்தாம்மா மெஷின வாங்கிக் குடுத்தேன். கால் போட்டதும் நான்தான்" என்று அழ ஆரம்பித்தாள்.

"நீ பாசத்துல செஞ்ச. வா" என்றார் தேவநாதன்.

ஆபரேஷனுக்கு முன்னால் சுகர், பிரஷர் பார்த்துச் சரி சொல்ல வேண்டியவர் டாக்டர் சுவேதா. வயது காயத்ரியைவிட இரண்டு மூன்று கூட இருக்கும். நடந்தது எல்லாவற்றையும் ஸ்ரீமதிதான் சொன்னாள். பர்ஸைத் திறக்கவே இல்லை.

டாக்டர் முதலில் கோபித்துக்கொண்டார். "மாத்திரைய நீங்களா ஏத்தறதும் எறக்கறதும் உயிருக்கே ஆபத்து சார். ரோட்டத் தாண்டும்போது இப்படி வந்திருந்தா?" பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டார்.

"சாப்பாடு மட்டும்தான் சுகரை ஏத்தும்னு எல்லாரும் நெனைக்கறாங்க. ராத்திரி பட்டினி போட்டா ஈரல் சும்மா இருக்காது. சேத்து வச்சிருக்கிற சர்க்கரைய எடுத்து ரத்தத்துல விட்டுடும். கவலையா படுத்தா, தூக்கம் கெட்டா, 'இவருக்கு ஏதோ ஆபத்து, தெம்பு வேணும்'னு உடம்பு இன்னும் கொஞ்சம் ஏத்தும். நாள் பூரா இப்படியே இருந்தா, நீங்க வாயத் தொறக்கலன்னாலும் நம்பர் ஏறும். அப்புறம் வெறும் வயித்துல மாத்திரை, தடால்னு இறக்கம். அதுக்கு ஒரு சாக்லேட், மறுபடி ஏத்தம்."

"அப்போ நான் சமைச்சது..." என்றாள் ஸ்ரீமதி.

"உங்க சமையல் நல்ல சமையல்மா. அத அவரு சாப்பிடணும், அவ்வளவுதான்" என்று டாக்டர் சிரித்தார்.

ஆறு மாதத்தில் அவளிடம் யாரும் இப்படிச் சொன்னதில்லை. அழுதுவிடக் கூடாது என்று தண்ணீர் பாட்டிலை எடுத்து மிச்சத்தைக் குடித்தாள்.

"இன்னைக்கு எடுக்கற நம்பர நம்பி நான் டேட் குடுக்க மாட்டேன்" என்றார் டாக்டர். "மாத்திரைய மாத்தி எழுதறேன். மூணு வேளையும் அளவா சாப்பிடுங்க. சாயந்திரம் ரெண்டு பேருமா நடங்க. தினமும் குத்த வேணாம், நான் சொல்ற நாள்ல மட்டும் பாத்து எனக்கு அனுப்புங்க. வீட்ல யாரும் வாசிக்கக் கூடாது. தீபாவளிக்கு முன்னாடி கண்ண முடிச்சிடலாம்."

வீடியோ கால் இனிமேல் கிடையாது என்று காயத்ரி அங்கேயே தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

எல்லோரும் எழுந்தார்கள். தேவநாதன் மட்டும் உட்கார்ந்தபடியே இருந்தார்.

"மேடம், இவளுக்கும் ஒரு தடவ பாத்துடுங்க."

"எனக்கெதுக்குங்க?" என்றாள் ஸ்ரீமதி.

"ராத்திரி பூரா எழுந்து எழுந்து போறா. நான் தூங்கறதா நெனைச்சுக்கறா. சொம்பு சொம்பா தண்ணி குடிக்கிறா. விரல்ல வெட்டிகிட்டது இன்னும் ஆறல. ரெண்டு சுத்து இளைச்சிட்டா. கண்ணுதான் எனக்குச் சரியா தெரியல. இதெல்லாம் தெரியுது."

டாக்டர் ஸ்ரீமதியின் விரலைப் பார்த்தார். காலி பாட்டிலைப் பார்த்தார். "கீழ லேப்ல ரத்தம் குடுத்துட்டு வாங்கம்மா" என்றார். அவர் குரலில் முன்பிருந்த சிரிப்பு இல்லை.

ஆறு மாதமாகக் கணவர் விரலில் ஊசி குத்தியவளுக்குத் தன் விரலை நீட்டக் கூச்சமாக இருந்தது. அரிசி டின்னுக்குப் பின்னால் இருக்கிற டப்பா ஞாபகம் வந்தது. வர்க்கி ஞாபகம் வந்தது. காலையில் நின்றுகொண்டே குடித்த டீ ஞாபகம் வந்தது. ச்சே, ஒன்றும் இருக்காது, தூக்கமில்லாத அலுப்புதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

லேப்காரப் பெண் சீட்டை நீட்டினாள். ஸ்ரீமதி கை நீட்டுவதற்குள் தேவநாதன் வாங்கிக்கொண்டார். இடது கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். மூன்றா எட்டா என்று சந்தேகம் வந்தவர்போல ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி மறுபடியும் பார்த்தார்.

"எவ்வளவுப்பா?" என்றாள் காயத்ரி. சத்தியம் செய்து பத்து நிமிஷம் ஆகவில்லை, பழக்கம் விடுமா?

அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. புவனகிரி.

"இன்னாடா தேவா ஆச்சு? எவ்வளவு வந்திச்சு?" தைலம்மாள் குரல் போனை மீறிக் கேட்டது.

"டிபன் சாப்பிடப் போறோம்க்கா. அப்புறம் பேசறேன்."

"அது சரி, நம்பரு..."

"நம்பர் இனிமே யாருக்கும் கெடையாதுக்கா. ஸ்ரீமதி நல்லா சமைக்கிறாளாம், டாக்டரே சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு போனை வைத்தார்.

"ஏங்க, எவ்வளவுன்னு எங்கிட்ட மட்டுமாவது சொல்லுங்க" என்றாள் ஸ்ரீமதி.

"காலைலேர்ந்து நீயும் ஒண்ணும் சாப்பிடல. முதல்ல ரெண்டு பேரும் சாப்பிடுவோம். அப்புறம் மாடி ஏறி டாக்டர ரெண்டு பேருமா பாப்போம்."

சொல்லிக்கொண்டே சீட்டை நாலாக மடித்தார். மடிப்பைக் கட்டை விரலால் நீவினார். அதை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார் என்றுதான் ஸ்ரீமதி காத்திருந்தாள். அவர் நகரவில்லை. அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, அந்தக் கையை மூடி, தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

காயத்ரி ஓட்டலில் இடம் பிடிக்க முன்னால் ஓடினாள். வாசலில் வெயில் ஏறிவிட்டிருந்தது. படி இறங்கி ரோட்டைத் தாண்டி ஓட்டல் வாசலுக்கு வந்த பிறகும் அவர் அந்தக் கையை விடவில்லை.